மரம் விழுங்கிய கம்பி: மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு என்று முடிவு செய்கிற குழுவினருக்கும் வணக்கம்.

களியக்காவிளையில் சோதனைச் சாவடியைத் தாண்டினால் பாறசாலை, கேரளம். அதற்கு இந்தப் பக்கம் ரப்பரும் வாழையும் சூழ்ந்த ஒரு சிற்றூர் எங்களுடையது. நான் அறுவை அரங்கில் செவிலியராக 31 வருடம் நின்றவள். முதல் பாதி திருவனந்தபுரம் பக்கம், பின் பாதி நாகர்கோவில் பக்கம். அதிலும் அதிக வருடங்கள் முகம், தாடை, மண்டை அறுவைகளுக்குத்தான் கருவி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிறது. ஊரில் இன்றும் எனக்கு 'சிஸ்டர்' என்றுதான் பெயர்.

இந்த மடல் ஒரு சின்னப் பொருளைப் பற்றியது. எலும்பை எலும்போடு சேர்த்துப் பிடிக்கிற தட்டும் திருகும். இரும்போ டைட்டானியமோ இல்லை, ஒருவகைப் பாலிமர். எலும்பு கூடியதும் உடம்புக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போய்விடும். தியேட்டரில் நாங்கள் 'கரையும் பிளேட்' என்போம். வளரும் குழந்தையின் மண்டையிலும் முகத்திலும் அறுவை செய்யும்போது, இதுதான் வேண்டும் என்று டாக்டர் எழுதினால், அந்தச் செலவைத் திட்டமே ஏற்கவேண்டும். என் கோரிக்கை இவ்வளவுதான். ஆனால் ஏன் என்று சொல்லக் கொஞ்சம் விரிவாகப் பேசவேண்டியிருக்கிறது. பொறுமையாக வாசிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

என் மகளுக்குப் பையன் பிறந்தபோது தலை சற்று நீளமாக இருந்தது. சுகப்பிரசவம். பிறக்கும் வழியில் அழுந்தி வந்த தலை, சில நாளில் சரியாகிவிடும் என்று எல்லாரும் சொன்னோம், நானும் சொன்னேன். எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது பெரியவர்கள் தலையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டுவார்கள். சம்பந்தியம்மா தினமும் உருட்டினார். ஐந்தாவது மாதம் மகள் போனில் கேட்டாள்: "அம்மா, பிள்ளைக்க தலை ஏன் வள்ளம் மாதிரி நீண்டே வருது?" அன்று மாலையே போய்க் கை வைத்துப் பார்த்தேன். உச்சியின் நடுவே முன்னிருந்து பின்னாக, வயலில் வரப்பு போல, விரலில் ஒரு மேடு தட்டியது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. எத்தனையோ குழந்தைகளை மேசையில் பார்த்தவள், சொந்தப் பேரன் தலையில் ஐந்து மாதம் விரல் ஓட்டிப் பார்க்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

குழந்தையின் மண்டையோடு ஒரே எலும்பு கிடையாது. பல எலும்புகள் பக்கம் பக்கமாக இருந்து, நடுவில் நார்போன்ற இணைப்புக்கோடுகள் விட்டிருக்கும். உள்ளே மூளை வளர வளர இந்தக் கோடுகள் இடம் கொடுக்கும். பிறக்கும்போது ஏறக்குறைய 35 சென்டிமீட்டர் இருக்கிற தலைச் சுற்றளவு ஒரு வயது முடியும்போது 46 சென்டிமீட்டரை எட்டிவிடுகிறது என்றால், அந்த ஒரு வருடத்தில் மண்டைக்குள் எவ்வளவு நடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். சில குழந்தைகளுக்கு இந்தக் கோடுகளில் ஒன்றோ இரண்டோ காலத்துக்கு முன்பே எலும்பாகி மூடிக்கொள்ளும். மூடிய பக்கம் தலை வளராது, திறந்திருக்கிற பக்கம் மட்டும் நீளும். கிரேனியோசினோஸ்டோசிஸ் என்று இதற்குப் பெயர். ஏறக்குறைய 2,000 முதல் 2,500 பிறப்புக்கு ஒன்று என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. சிலருக்கு அழகுக் குறையோடு போகும். சிலருக்கு மண்டைக்குள் அழுத்தம் கூடிப் பார்வையும் மூளை வளர்ச்சியும் கெடும். ஒன்றுக்கு மேற்பட்ட கோடுகள் மூடினால் ஆபத்து இன்னும் அதிகம்.

அறுவையில் என்ன செய்கிறார்கள் என்பதை நேரில் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். காதுக்குக் காது தலைத்தோலை விரித்து, மண்டையோட்டின் ஒரு பகுதியைத் துண்டு துண்டாக எடுத்து, வெளியே மேசையில் வைத்து வடிவம் திருத்தி, மறுபடியும் தலையில் அடுக்குவார்கள். துண்டுகளை நகராமல் பிடிக்க ஏதாவது வேண்டும். பெரியவர் என்றால் டைட்டானியம் தட்டும் திருகும். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் தாடை உடைந்தவர்களுக்கு மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டி வாரக்கணக்கில் வாய் திறக்க விடாமல் வைத்திருப்போம். கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் இருக்கிற இடுக்கு வழியாக ஸ்ட்ரா வைத்துக் கஞ்சித் தெளிவு உறிஞ்சுவார்கள். அந்தக் கொடுமையிலிருந்து மக்களை விடுவித்தவை இந்தச் சின்ன டைட்டானியம் தட்டுகள்தான்.

குழந்தைக்கு வரும்போதுதான் கதை மாறுகிறது.

என் பேரன் படுத்திருந்த வார்டில் அடுத்த கட்டிலில் ஒரு பெண் குழந்தை. அவளுக்கும் அதே நோய், அதே வாரம் அறுவை. அவள் அப்பா எங்கள் மலையோரப் பகுதியில் ரப்பர் பால் வெட்டுகிறவர். டாக்டர் எங்கள் இரண்டு குடும்பத்தையும் உட்காரவைத்து விளக்கினார். சின்னப் பிள்ளைகளின் மண்டையோடு வெளிப்பக்கம் புது எலும்பு படிந்தும், உள்பக்கம் பழைய எலும்பு கரைந்தும்தான் பெரிதாகிறது. ஆகவே இன்று வெளியே பொருத்தும் தட்டு இருந்த இடத்திலேயே இருக்க, எலும்பு அதன்மேல் படிந்து படிந்து, சில வருடங்களில் தட்டு எலும்புக்கு உள்பக்கம் போய் மூளையைச் சுற்றியிருக்கும் உறையை ஒட்டி நிற்கலாம் என்றார். பால் வெட்டுகிறவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "சிரட்டை தொங்கவிட நாங்க கட்டுற கம்பிய மரம் முழுங்குமே, அது மாதிரியா டாக்டர்?"

டாக்டர் ஒரு கணம் நிறுத்திவிட்டு, "ஆமாம், அதே மாதிரிதான்" என்றார்.

ரப்பர்த் தோட்டத்தில் நடந்தவர்களுக்கு அது தெரியும். இளமரத்தில் கட்டிய கம்பியை இளக்கி இளக்கி விடவேண்டும். மறந்துவிட்டால் பட்டை அதன்மேல் வளர்ந்து மூடிவிடும். பத்து வருடம் கழித்து மரம் வெட்டும்போது வாள் போய்க் கம்பியில் இடித்துப் பல் உடையும். மரம் சாவதில்லை, உண்மைதான். குழந்தைகளிலும் அப்படி உள்ளே போன தட்டுகள் பெரும்பாலும் தொந்தரவு எதுவும் தராமலே கிடக்கின்றன என்று அந்த டாக்டரும் சொன்னார், நானும் படித்தேன். ஆனால் அந்தக் குழந்தைக்குப் பின்னாளில் மறுபடி தலையைத் திறக்கவேண்டி வந்தால், எலும்புக்குள் புதைந்த உலோகத்தைத் தோண்டி எடுப்பது சின்ன வேலை இல்லை. இந்த நோயில் இரண்டாவது அறுவை தேவைப்படும் பிள்ளைகளும் உண்டு. உலோகம் இருக்கிற தலையில் சி.டி. ஸ்கேன் எடுத்தால் கோடு கோடாகப் பரவி, பக்கத்தில் இருப்பதைச் சரியாகப் பார்க்கவும் விடாது.

கரையும் தட்டு இந்த இடத்துக்கென்றே அமைந்த மாதிரி இருக்கிறது. வீட்டுக்குக் கான்கிரீட் போட்டால் இறுகும்வரைதான் சென்ட்ரிங் பலகை. இறுகிய பின் பலகையைக் கழற்றிவிடுகிறோம். கரையும் தட்டு தானே கழன்றுகொள்கிற பலகை. கைக்குழந்தையின் மண்டை எலும்பு சில வாரங்களில் கூடிவிடும். தட்டுக்கு அதுவரை பலம் இருந்தால் போதும். 1996-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒருவகைத் தட்டு, நூற்றுக்கு 82 பங்கு லாக்டிக் அமிலச் சங்கிலியும் 18 பங்கு கிளைக்காலிக் அமிலச் சங்கிலியும் கலந்தது. எட்டு வாரம் ஆனபோதும் பலத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் அதற்கு மிச்சமிருக்கும். ஒரு வருடம் போல ஆகும்போது தட்டே இருக்காது. எங்கே போகிறது என்று என் மகளும் கேட்டாள். உடம்பில் இருக்கிற நீரே அந்தச் சங்கிலிகளை அறுக்கிறது. அறுந்து வருவதில் பெரும்பங்கு லாக்டிக் அமிலம். தயிரில் புளிப்பாக இருப்பதும், மேடேறி ஓடும்போது நம் தசையில் ஊறுவதும் அதுதான். உடம்புக்குப் பழக்கமான பொருள். அதை எரித்துத் தண்ணீராகவும் கரியமில வாயுவாகவும் ஆக்கிவிடும். கடைசியில் தட்டு அவன் மூச்சோடு வெளியே போய்விடும் என்று சொன்னபோது மகள் முகத்தில் நாலைந்து நாளுக்குப் பிறகு ஒரு தெளிச்சம் வந்தது.

இது நேற்று வந்த புதுமை என்று யாரும் தயங்கவேண்டியதில்லை. ஓய்வுக்குப் பிறகு இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். பாலிலாக்டிக் அமிலத்தை, அதாவது மேலே சொன்ன லாக்டிக் அமிலச் சங்கிலியை, அறுவைப் பொருளாகப் பயன்படுத்தலாம் என்று காட்டிய முதல் கட்டுரை 1966-ல் வந்தது. அதை எழுதியவர்களில் முதல் பெயர் குல்கர்னி. 1971-ல் குரங்குகளின் உடைந்த தாடையை அதே பொருளில் செய்த நூலால் கட்டிப் பார்த்தார்கள். நாம் எல்லாருமே உடம்பில் போட்டுக்கொண்டிருக்கிற கரையும் தையல் நூலும் இதே குடும்பம்தான். பிரசவத் தையலை யாரும் பிரிக்க வருவதில்லையே, ஏன்? நூல் கரைந்துவிடுவதால்தான். ஐம்பது வருடத்துக்கு மேல் பழகிய பொருளின் தடித்த வடிவம்தான் இந்தத் தட்டு.

குறைகளையும் நானே சொல்லிவிடுகிறேன். கருவி எடுத்துக் கொடுத்த கைக்கு அவை நன்றாகத் தெரியும். டைட்டானியத்தைக் கையாலேயே வளைத்துப் பொருத்தலாம். இதை வெந்நீர்த் தொட்டியில் போட்டு இளக்கி, இறுகுவதற்குள் சில நொடிகளில் எலும்பின் வளைவுக்கு அமர்த்தவேண்டும். திருகு ஏறுமுன் துளைக்குள் மரை வெட்டவேண்டும். கொஞ்சம் பிசகினால் திருகின் தலை ஒடிந்துவிடும். ஒடிந்தால் இன்னொன்று, அதற்கும் காசு. அதே பலம் கிடைக்கவேண்டுமென்றால் டைட்டானியத்தைவிடத் தடிமனாக இருக்கவேண்டும், அதனால் தோலுக்கடியில் சில மாதம் மொட்டு மொட்டாகத் தட்டுப்படும். எக்ஸ்ரேயில் தெரியாது. ஈரம் பட்டால் கெடும் என்பதால் உறையைப் பிரித்தபின் மறுபடி ஆட்டோகிளேவில், அதாவது நீராவியால் கிருமி நீக்கும் கருவியில், வைத்து எடுத்துக்கொள்ள முடியாது. காலாவதித் தேதியும் உண்டு.

நெதர்லாந்தில் 1980களில் கன்னத்து எலும்பு முறிவுக்கு வேறெதுவும் கலக்காத பாலிலாக்டிக் தட்டு போட்டார்கள். மூன்று வருடத்துக்கு மேல் ஆனபின் சிலருக்கு அந்த இடம் வீங்கியது. மிக மெதுவாகக் கரையும் படிகத் துகள்கள்தான் காரணம் என்று 1993-ல் எழுதினார்கள். பிறகு வந்த தட்டுகளில் கலவையை மாற்றியதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம். அதே நாட்டில் 2012-ல் வெளியான இன்னொரு ஆய்வு: நான்கு மருத்துவமனைகள், 230 நோயாளிகள், பெரியவர்களின் முறிவும் தாடைத் திருத்தமும். கரையும் தட்டு என்று ஒதுக்கப்பட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு அறுவை நடக்கும்போதே டைட்டானியத்துக்கு மாறவேண்டி வந்தது.

இதையெல்லாம் மறைத்துவிட்டு எல்லாருக்கும் இதையே போடுங்கள் என்று கேட்டால் அது நேர்மையாகாது. நெடுஞ்சாலையில் பைக்கிலிருந்து விழுந்து கீழ்த்தாடை நொறுங்கி வருகிற இளைஞனுக்கு டைட்டானியம்தான் சரி. மெல்லும்போது அந்த எலும்பின்மேல் விழுகிற பாரத்தை இந்தத் தட்டு தாங்காது. சீழ் பிடித்த இடத்துக்கும் இது வேண்டாம். நான் கேட்பது வளரும் பிள்ளைகளுக்கு. முதலில் கைக்குழந்தைகளின் மண்டை. அடுத்தபடி, பாரம் அதிகம் விழாத கண்குழி, நெற்றி, கன்னம் போன்ற இடங்களில் அடிபட்டு வரும் சிறுவர்கள். பிள்ளைகளுக்கு உலோகத் தட்டு போட்டால் எலும்பு கூடியபின் அதை எடுத்துவிடுவது பல இடங்களில் வழக்கம். அப்படியென்றால் இன்னொரு மயக்கமருந்து, இன்னொரு அறுவை, அப்பா அம்மாவுக்கு இன்னொரு முறை கூலி நட்டம். தட்டின் விலையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற கணக்கில் இந்த இரண்டாவது அறுவை வருவதே இல்லை.

இப்போது விலைக்கு வருகிறேன். என்னை இந்த மடல் எழுத வைத்தது அதுதான்.

பேரனுக்கு அறுவை நடந்தது எந்த மருத்துவமனை என்று சொல்லப்போவதில்லை. அங்கே டாக்டர்களும் செவிலியர்களும் எங்களைத் தங்கமாகப் பார்த்துக்கொண்டார்கள். எங்களிடம் காப்பீட்டு அட்டை இருந்தது. அறுவைக்கு அனுமதியும் வந்தது. ஆனால் முந்தின நாள் மாலை ஒரு இளம் செவிலியர் கையில் காகிதத்தோடு வந்தார். இந்த அறுவைக்குத் திட்டம் தருகிற தொகுப்புத் தொகைக்குள் டைட்டானியம் வரும், கரையும் தட்டு வராது, அது வேண்டுமென்றால் வெளியே வாங்கிக் கொடுக்கவேண்டும், எது என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்றார். நான் அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை வருடம் அதே காகிதத்தை எடுத்துக்கொண்டு தியேட்டர் கதவுக்கு வெளியே போனவள் நான்! "சிஸ்டர், நீங்க என்ன சொல்றீங்க?" என்று எத்தனை அப்பாக்கள் என்னிடம் கேட்டிருப்பார்கள். "டாக்டர் சொன்னதுதான், முடிஞ்சா போடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்திருக்கிறேன். முடியவில்லை என்றவர்களின் குழந்தைக்கு எது கிடைத்ததோ அதைப் போட்டோம். அன்று அது எனக்கு ஒரு நடைமுறை. காகிதம் என் கைக்கு வந்தபோதுதான் அதன் கனம் தெரிந்தது.

மகளின் ஐந்து பவுன் மாலை அன்று இரவே அடகுக்குப் போனது. மறுநாள் காலை தட்டும் திருகும் வந்து சேர்ந்தன. பேரனுக்கு அறுவை நல்லபடியாக முடிந்தது. ஏழெட்டு மாதம் அவன் தலையைத் தடவினால் அங்கங்கே தட்டுப்பட்டுக்கொண்டிருந்தது, பிறகு ஒரு நாள் தேடியும் கிடைக்கவில்லை. இப்போது மூன்று வயது. மாலையை இன்னும் திருப்பவில்லை.

அடுத்த கட்டில்காரர் என்ன செய்வார்? மழைக்காலத்தில் பால் வெட்டு கிடையாது. வெட்டுகிற நாளில் கிடைக்கிற கூலிதான் வருமானம். அவர் மனைவியின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. டைட்டானியம் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, என்னைப் பார்த்து, "மரம் கம்பிய முழுங்கிட்டும் பால் தருதுல்லா சிஸ்டர்" என்றார். தன்னைத் தேற்றிக்கொள்ளச் சொன்னது. ஒரே வார்டு, ஒரே நோய், ஒரே டாக்டர். எந்தக் குழந்தைக்கு எது என்பதை அம்மாவின் கழுத்தில் என்ன கிடந்தது என்பது தீர்மானித்தது. அந்த டாக்டரும் அன்று தலைகுனிந்தபடிதான் வார்டைவிட்டுப் போனார்.

இந்தத் திட்டத்தின்மேல் எனக்கு மரியாதை உண்டு. 2012-லிருந்து இந்தப் பெயரில் ஓடுகிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை பாதுகாப்பு என்பது சாதாரணக் காரியம் இல்லை. காது கேளாமல் பிறந்த குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவியை இந்தத் திட்டம் ஏற்றது. அது எத்தனை விலை என்று உங்களுக்குத் தெரியும். அப்போது, 'மலிவான கருவி எதையாவது வைத்துக்கொள்ளுங்கள்' என்று யாரும் சொல்லவில்லை. குழந்தைக்கு வயது கடந்துவிட்டால் பேச்சு வராது, ஆகவே இப்போதே செய்யவேண்டும் என்று சரியாக முடிவெடுத்தீர்கள். அதே நியாயம் இங்கேயும் பொருந்துகிறது.

செலவு பெருகிவிடுமோ என்ற கவலை வரலாம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். தமிழ்நாட்டில் வருடத்துக்கு 8, 9 லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன. மேலே சொன்ன விகிதத்தை வைத்தால் இந்த நோயோடு பிறப்பவர்கள் 320-லிருந்து 450 பேர். எல்லாருக்கும் அறுவை தேவைப்படாது. தேவைப்படுகிறவர்களிலும் எல்லாருக்கும் தட்டு தேவைப்படாது. சில டாக்டர்கள் தடித்த கரையும் நூலாலேயே எலும்பைக் கட்டிவிடுகிறார்கள், அதுவும் நல்ல வழி. மூன்று நான்கு மாதத்துக்குள் கண்டுபிடித்துவிட்டால் சிறு துளை வழியாக மூடிய கோட்டை மட்டும் எடுத்துவிட்டு, ஹெல்மெட் போட்டு வடிவம் திருத்துகிற முறையும் இருக்கிறது, அதில் தட்டே இல்லை. ஆக நான் கேட்பது வருடத்துக்குச் சில நூறு குழந்தைகளுக்கு. ஒரு மாநிலத்துக்கு இது தாங்காத பாரமா?

விலையைக் குறைக்கவும் உங்கள் கையில் வழி இருக்கிறது. தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் 1994-ல் தொடங்கியது. மருந்தை மொத்தமாக வாங்கி விலையைக் கீழே கொண்டுவருவது எப்படி என்று மற்ற மாநிலங்கள் நம்மிடம் வந்து கற்றுக்கொண்டன, பக்கத்துக் கேரளம் உட்பட. ஒவ்வொரு மருத்துவமனையும் ஒவ்வொரு நோயாளியின் உறவினரை வெளியே அனுப்பி ஒன்றிரண்டாக வாங்கினால் விற்பவர் சொன்னதுதான் விலை. கழகம் வருடத் தேவையைச் சேர்த்து வாங்கினால் அப்படி இருக்காது. காலாவதித் தேதியும் ஈரப் பயமும் இருப்பதால் எல்லா மருத்துவமனைக்கும் அனுப்பிவைக்கத் தேவையில்லை. இந்த அறுவையை வழக்கமாகச் செய்கிற சில மையங்களில் மட்டும், சூடுநீர்த் தொட்டியும் மரை வெட்டும் கருவிகளும் சேர்த்து வைத்தால் போதும். பழகிய கைகளிடம் போனால் ஒடிகிற திருகும் குறையும்.

அப்புறம், மத்தியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் இருக்கிறது. 2017 பிப்ரவரியில் இதய ஸ்டென்டுக்கு உச்ச விலை வைத்தார்கள். லட்சத்துக்கு மேல் போய்க்கொண்டிருந்த மருந்து பூசிய ஸ்டென்ட் 29,600 ரூபாய்க்கு வந்தது. அதே ஆகஸ்டில் முழங்கால் செயற்கை மூட்டுக்கும் வைத்தார்கள். குழந்தைகளின் மண்டைத் தட்டு சிறிய சந்தை, அதற்காகக் குரல் கொடுக்கப் பெரிய கூட்டம் இல்லை. மாநில அரசு எழுதினால் கேட்பார்கள். எழுதுங்கள்.

எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. வெளிநாட்டு இதய வால்வை நம்மவர்களால் வாங்க முடியாது என்று கண்டு, இங்கேயே வால்வு செய்து 1990-ல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் திருவனந்தபுரத்துச் செவிலியர் விடுதியில் அது திருவிழா போலப் பேசப்பட்டது. கரையும் நூலை இந்தியாவிலேயே செய்கிறோம். கரையும் தட்டையும் நல்ல தரத்தில், தாங்கும் விலையில் இங்கே செய்ய முடியும் என்றே நம்புகிறேன். இரண்டு மாநிலமும் சேர்ந்து அந்த நிறுவனத்தைக் கேட்டால் என்ன?

இரண்டு மாநிலம் என்றதும் எங்கள் ஊர்க்காரர்களின் இன்னொரு சங்கடமும் நினைவுக்கு வருகிறது. 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களான நாங்கள் தமிழ்நாட்டோடு, அன்றைய சென்னை மாநிலத்தோடு, சேர்ந்தோம். அது எங்கள் விருப்பம், எங்கள் பெருமை. ஆனால் அவசரம் என்றால் கால் தானாகத் திருவனந்தபுரத்துக்குத்தான் போகிறது, பக்கம் என்பதால். பேரனை முதலில் கொண்டுபோய்க் காட்டியதும் அங்கேதான். நோயைச் சரியாகச் சொன்னார்கள், அட்டையை நீட்டினேன், இங்கே செல்லாது என்றார்கள். வடக்கே தூரத்து நகரம் ஒன்றுக்குப் போக இன்னும் ஏழு வாரம் ஆயிற்று. இந்த ஒரு நோய்க்காவது, எல்லையோர மாவட்டங்களின் குழந்தைகளுக்குப் பக்கத்து மாநிலத்தில் ஒரு மையத்தையாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

காசே இல்லாமல் செய்யக்கூடியது ஒன்றும் இருக்கிறது. தடுப்பூசிக்கு வருகிற ஒவ்வொரு குழந்தையின் தலையையும் கிராம சுகாதாரச் செவிலியர் ஒரு முறை விரலால் தடவிப் பார்க்கவேண்டும், மேலிருந்து வடிவத்தைப் பார்க்கவேண்டும். டேப் வைத்துச் சுற்றளவு அளந்தால் மட்டும் போதாது. படகு வடிவத் தலையில் சுற்றளவு சரியாகவே இருக்கும், சில நேரம் கூடுதலாகவும் இருக்கும். வரப்பு தட்டினால் உடனே மேலே அனுப்பட்டும். பிறந்ததும் போடுகிற ஊசிக்கு அடுத்தது ஆறு வாரத்தில். அப்போதே பிடித்துவிட்டால் எத்தனை குழந்தைகள் பெரிய அறுவைக்குத் தப்பும்! நான் தவறவிட்ட ஐந்து மாதத்தை வேறு பாட்டி யாரும் தவறவிடவேண்டாம்.

அந்தக் காகிதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கையெழுத்து வாங்குங்கள், தவறில்லை. முந்தின நாள் மாலை வேண்டாம், தேதி குறிக்கும்போதே சொல்லுங்கள். தமிழில், எங்கள் பக்கம் மலையாளத்திலும், இந்தத் தட்டு என்ன செய்யும், அந்தத் தட்டு என்ன செய்யும், பின்னால் என்னென்ன பார்த்துக்கொள்ளவேண்டும் என்று நாலு வரி இருக்கட்டும். டைட்டானியம் போட்ட பிள்ளைகள் யார் யார், எந்தெந்த வருடம் ஸ்கேன் பார்க்கவேண்டும் என்று ஒரு பதிவேடு இருக்கட்டும். தேவைப்பட்டால் அதை எடுக்கிற அறுவையும் திட்டத்துக்குள் வரட்டும். ஏற்கெனவே உலோகம் வைத்த குழந்தைகளுக்கு அது நாம் கொடுக்கவேண்டிய கடன்.

உங்களுக்கு நேரமிருந்தால் கூப்பிடுங்கள், சென்னைக்கு வருகிறேன். தியேட்டரில் இந்தத் தட்டு எப்படிப் போகிறது, எங்கே வீணாகிறது, எதையெல்லாம் மிச்சப்படுத்தலாம் என்று கருவி எடுத்துக் கொடுத்தவளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பால் வெட்டுகிறவரின் மகளுக்கும் இப்போது மூன்று வயதாகிவிட்டது. நன்றாக ஓடுகிறாள், மழலையில் ஓயாமல் பேசுகிறாள். வருகிற ஐப்பசியில் அவளுக்கு அடுத்த ஸ்கேன், அந்தத் தட்டு எங்கே நிற்கிறது என்று பார்க்க. அவர்களோடு நானும் போகிறேன். அதற்குள் உங்களிடமிருந்து பதில் வந்தால், பஸ்ஸில் போகும்போது அவள் அப்பாவுக்கு வாசித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறுவை அரங்கச் செவிலியர்,
களியக்காவிளை அருகிலிருந்து